முதல் ரிமோட் ஹெலிகொப்டர்: யாழ்ப்பாணத்தில் வாங்கிப் பழகுவதற்கு ஒரு வழிகாட்டி

எங்கள் பக்கத்தில் ரிமோட் ஹெலிகொப்டர் ஆசை பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பில்தான் தொடங்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு வரப்போகும் மாமாவோ சித்தியோ "உனக்கு என்ன கொண்டு வாறது?" என்று கேட்பார். "ஹெலி" என்று ஒரு சொல்லில் பதில் போகும். ரொறொன்ரோவிலோ லண்டனிலோ கடையில் கண்ணில் பட்ட பெரிய பெட்டி ஒன்று பயணப்பெட்டிக்குள் ஏறும். எனக்கும் அப்படித்தான் ஒன்று வந்தது. ஆறு சனல் ஹெலி; சனல் என்பது தனித்தனியாகக் கட்டுப்படுத்தக்கூடிய அசைவு. பார்க்க உண்மையான ஹெலிபோலவே இருந்தது. முற்றத்தில் வைத்து துரொட்டிலை, அதாவது ஹெலியை ஏற இறங்க வைக்கும் ரிமோட் குச்சியை, உயர்த்தினேன். நாலு விநாடி பறந்து, கிணற்றுக்கட்டில் மோதி விழுந்தது. நடு அச்சு வளைந்துவிட்டது. விரல் நீளமுள்ள அந்த உருக்குக் கம்பி கைக்கு வர ஏழு மாதம் பிடித்தது. அடுத்த சொந்தக்காரர் ஊருக்கு வரும்வரை வேறு வழி இருக்கவில்லை.

அதன்பிறகு யார் என்னிடம் கேட்டாலும் முதலில் சொல்வது ஒன்றுதான்: விழுந்தால் உங்கள் வீட்டு மேசையிலேயே வைத்துத் திருத்தக்கூடிய ஹெலியை வாங்குங்கள். முதல் ஹெலி கட்டாயம் விழும். முதல் மாதத்தில் நாளுக்குப் பத்துத் தடவைகூட விழும். விழுந்த அன்றே திருத்தி மறுபடி பறக்க விட்டால் பழகிவிடலாம். உதிரிப்பாகத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்தால் கை பழகியதெல்லாம் மறந்துபோகும், ஆசையும் ஆறிவிடும்.

முதலில் வகையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெட்டியில் எந்தப் பெயர் போட்டிருந்தாலும், புதியவர் கண்ணில் படும் ஹெலிகள் மூன்று வகைக்குள் அடங்கும்.

முதலாவது இரட்டை விசிறி ஹெலி. ஒரே அச்சில் மேலே ஒரு சோடி இறக்கை, கீழே ஒரு சோடி இறக்கை. இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுற்றும். ஒற்றை விசிறி ஒரு பக்கம் சுற்றினால் ஹெலியின் உடல் மறுபக்கம் சுற்றப் பார்க்கும். இரண்டு விசிறிகள் எதிரெதிரே சுற்றினால் அந்த இழுப்பு சமப்பட்டுவிடும். உச்சியில் இரண்டு முனையிலும் சிறு குண்டு வைத்த கம்பி ஒன்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பம்பரம் சுற்றும்போது நிமிர்ந்து நிற்பதுபோல அந்தக் கம்பியும் தான் சுற்றும் தளத்தை விட்டு அசையாது. ஹெலி சரிந்தால் அதுவே மேல் விசிறியைத் திருப்பிச் சமப்படுத்திவிடும். அதனால் குச்சியை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாலும் இந்த ஹெலி ஓரளவு அமைதியாக நிற்கும். சைமா எஸ்107 இந்த வகையில் உலகம் முழுதும் பேர்போனது. உள்ளங்கையில் ஏந்தக்கூடியது, உடலின் ஒரு பகுதி உலோகம், எத்தனை தடவை விழுந்தாலும் பெரும்பாலும் எழும்பிவிடும்.

ஆனால் அதற்கு மூன்று சனல்தான்: ஏறி இறங்கலாம், திரும்பலாம், முன்னே பின்னே போகலாம். பக்கவாட்டில் நகர வழியில்லை. சனல் என்பது தனித்தனியாகக் கட்டுப்படுத்தக்கூடிய அசைவு. சில பெட்டிகளில் "3.5 சனல்" என்று இருக்கும். அந்த அரைச் சனலை நம்பி ஒரு ரூபாகூட அதிகம் கொடுக்க வேண்டாம், அதுவும் மூன்று சனல் ஹெலிதான். இந்த வகையில் பல அகச்சிவப்புக் கதிரில் இயங்குகின்றன, அதாவது டிவி ரிமோட்டைப்போல. வெயில் பட்டால் சைகை தடுமாறும், ஹெலி கீழே விழும். நம் ஊர் வெயிலில் இவற்றுக்கு முற்றம்கூட ஒத்துவராது. வீட்டுக்குள் மட்டும்தான்.

இரண்டாவது, நாலு சனல் ஒற்றை விசிறி ஹெலி. மேலே ஒரே ஒரு விசிறி, வாலில் நிமிர்ந்த ஒரு சிறு விசிறி, அதாவது வானத்தில் போகும் ஹெலியின் அமைப்பு. இறக்கைகளின் சாய்வு மாறாது. மோட்டரின் வேகம் கூடினால் ஏறும், குறைந்தால் இறங்கும். பக்கவாட்டிலும் நகரும். டபிள்யூஎல் டாய்ஸின் வி911 இதில் பலருக்குத் தெரிந்த பெயர். 2.4 கிகாஹேர்ட்ஸ் ரேடியோவில் இயங்குவதால் வெயில் ஒரு பிரச்சினையில்லை. பற்றரியைக் கழற்றி மாற்றலாம். எடை குறைவு என்பதால் விழும்போது அடியும் குறைவு.

இதே வகையில் புதிதாக வந்தவை சி129 போன்றவை. உள்ளே காற்றழுத்தத்தை அளக்கும் சிறு சில்லு இருக்கிறது. குச்சியை நடுவில் விட்டால் அதே உயரத்தில் தானாக நிற்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கினால் இதையே வாங்குங்கள், அன்று மாலையே பறக்க விடலாம். தொடர்ந்து பழகிப் பெரிய ஹெலிக்குப் போக நினைப்பவருக்கு நான் இதைச் சொல்வதில்லை. துரொட்டிலை விரலால் உணர்ந்து உயரத்தைப் பிடித்து வைப்பதுதான் ஹெலி பழக்கத்தின் பாதி. அந்தப் பாதியை இது உங்களுக்காகச் செய்துவிடும், விரல் பழகாது.

மூன்றாவது ஆறு சனல். விசிறி எப்போதும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றும். இறக்கையின் சாய்வை மாற்றித்தான் ஏறுவதும் இறங்குவதும். சாய்வை எதிர்ப்பக்கம் திருப்பினால் தலைகீழாகவும் பறக்கும். குச்சி ஒரு மில்லிமீற்றர் அசைந்தாலும் அந்தக் கணத்திலேயே பதில் வரும். எக்ஸ்கே கே110 இந்த வகையில் சிறியது, நல்லது. ஆனால் அது இரண்டாவது ஹெலியாக வர வேண்டும். இதைவிடப் பெரிய 450 அளவு ஹெலிகளை யாராவது "மலிவாக வருது" என்று காட்டினால் பழகாதவர் தொடவே வேண்டாம். அவற்றின் விசிறி விட்டம் ஏறத்தாழ 70 செ.மீ. நிமிடத்துக்கு 2500 சுற்றுச் சுற்றினாலே இறக்கை முனை மணிக்கு 300 கி.மீ. வேகத்தைத் தாண்டிவிடும். கையில் பட்டால் எலும்பு முறியும், தலையில் பட்டால் உயிரே போகலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாலு விசிறி ட்ரோன் பறக்க விட்டவர்கள் ஹெலியும் அப்படித்தான் என்று நினைத்து வருகிறார்கள். ட்ரோனில் நீங்கள் குச்சியை விட்டதும் கணினிச் சில்லு அதை நிமிர்த்தி நிறுத்திவிடும். எல்லா ஹெலியும் அப்படியல்ல, குறிப்பாக நிலைப்படுத்தும் வசதியை அணைத்த ஆறு சனல் ஹெலி. சரிந்தது சரிந்தபடியே போய்க்கொண்டிருக்கும், நீங்கள்தான் நிமிர்த்த வேண்டும். ஜேர்மனியில் டீற்றர் ஷ்லூற்றர் என்பவர் 1960களின் பிற்பகுதியில் ரிமோட் ஹெலியைக் கட்டுப்பாட்டோடு பறக்க வைக்கப் பாடுபட்டபோது, ஹெலி திரும்புவதை உணர்ந்து சமப்படுத்தும் ஜைரோ வசதிகூட இல்லை. வால் ஆடுவதை விரலாலேயே அடக்க வேண்டியிருந்தது. இன்று நுளம்பளவு ஜைரோ சில்லு அந்த வேலையைப் பார்க்கிறது. நமக்கு மிச்சமாக இருப்பது கண்ணையும் கையையும் பழக்குவது மட்டும்தான்.

சரி, எதை வாங்குவது?

ஹெலியைக் கையால் தொட்டதேயில்லை, வீட்டுக்குள் விளையாடினால் போதும் என்றால் இரட்டை விசிறி. உண்மையாகவே பழக வேண்டும் என்றால் நேராக நாலு சனல் ஒற்றை விசிறி. என்னிடம் கேட்கும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு நான் சொல்வது இந்த இரண்டாவதைத்தான். இரட்டை விசிறியில் ஒரு வாரத்தில் எல்லாம் தெரிந்துவிடும், பிறகு சலித்துவிடும். நாலு சனலில் ஒரு வருடம் பழகினாலும் இன்னும் பழக ஏதாவது மிச்சமிருக்கும்.

காசை இப்படிப் பிரியுங்கள்: கையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஹெலி, மீதி ஒரு பங்குக்கு உதிரிப்பாகமும் பற்றரியும். கொழும்பில் இருப்பவர் புறக்கோட்டையில் ஒரு நாள் அலைந்தாவது ஏதாவது ஒன்றைப் பிடித்துவிடுவார். நமக்கு அது இரவு பஸ் பயணம். ஆகவே ஹெலி வரும்போதே உதிரியும் வரவேண்டும்.

மாமாவுக்கு அனுப்பும் செய்தியில் வெறுமனே "ஹெலி" என்று எழுதாமல் மாதிரியின் பெயரையும் எண்ணையும் எழுதுங்கள். அதோடு இவற்றையும் கேளுங்கள்: அதே மாதிரிக்கான பற்றரி மூன்று, விசிறி இறக்கை நாலு சோடி, வால் விசிறி இரண்டு, வால் மோட்டர் ஒன்று, நடு அச்சு இரண்டு, பெரிய பல்லுச்சக்கரம் ஒன்று. இவ்வளவும் ஒரு உள்ளங்கைப் பொதிக்குள் அடங்கும். நிறையும் மிகக் குறைவு. இந்தப் பாகங்கள் அந்த மாதிரிக்குத் தனியாக விற்கப்படவில்லை என்று மாமா சொன்னால் அந்த ஹெலியை விட்டுவிட்டு வேறொன்றைப் பாருங்கள்.

பெட்டியில் ஆர்.ரி.எஃப். (RTF) என்று இருக்க வேண்டும். அப்போதுதான் ரிமோட், பற்றரி, சார்ஜர் எல்லாம் உள்ளே இருக்கும். பி.என்.எஃப். (BNF) என்று இருந்தால் ரிமோட் இருக்காது. விலை குறைவாகத் தெரிவதால் பலர் இதில் ஏமாந்துபோகிறார்கள். ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. ரிமோட் "மோட் 2" ஆக இருக்க வேண்டும், அதாவது துரொட்டில் இடது கையில். எந்த மோட்டிலும் பழகலாம் என்பது உண்மைதான், ஆனால் நாளைக்கு இன்னொருவர் ஹெலியை வாங்கிப் பறக்கவும், பழகியவர் ஒருவர் உங்கள் ரிமோட்டை வாங்கிச் சரிபார்த்துத் தரவும் ஒரே மோட் இருந்தால்தான் முடியும்.

சார்ஜர் யூஎஸ்பியில் போடக்கூடியதாக இருந்தால் பிரச்சினையில்லை. சுவரில் செருகும் சார்ஜர் என்றால் அதன் முதுகில் "100–240" என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கனடாவின் மின்சாரம் 120 வோல்ட், நமது 230. அங்கே மட்டும் வேலைசெய்யும் சார்ஜரை இங்கே செருகினால் அடுத்த கணமே புகைதான்.

பற்றரியைப் பயணத்தில் கொண்டுவருவதற்கும் முறை இருக்கிறது. தனியாக இருக்கும் லிதியம் பற்றரிகள் கைப்பையில் வர வேண்டும், விமானத்தில் ஏற்றக் கொடுக்கும் பெட்டியில் போடக்கூடாது. முனைகளை ரேப்பால் மூடி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போடச் சொல்லுங்கள். வான்வழித் தபாலில் லிதியம் பற்றரிக்குக் கட்டுப்பாடு அதிகம், அந்த வழியை நம்ப வேண்டாம். இணையத்தில் நீங்களே வரவழைத்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ரேடியோவில் இயங்கும் சாமான் என்பதால் சுங்கத்தில் நிறுத்தித் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி கேட்கலாம். காசு கட்டுவதற்கு முன்பு விசாரித்துக்கொள்ளுங்கள்.

திருவிழாக் கடையிலோ ரவுணிலோ வாங்குவதானால் பெட்டியைத் திறக்கச் சொல்லத் தயங்க வேண்டாம். பற்றரியைக் கழற்ற முடிகிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளேயே பொருத்தி ஒட்டியிருந்தால் ஐந்து நிமிடம் பறந்து முக்கால் மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். பற்றரி செத்தால் ஹெலியும் செத்ததுதான். விசிறியை விரலால் மெல்லச் சுற்றிப் பக்கத்திலிருந்து பாருங்கள். இறக்கை முனைகள் இரண்டும் ஒரே உயரத்தில் வர வேண்டும். ஒன்று மேலும் ஒன்று கீழுமாக வந்தால் அச்சு வளைந்திருக்கலாம். பழையதை வாங்குபவருக்கு இந்தச் சோதனை இன்னும் முக்கியம். பற்றரி சற்றே உப்பியிருந்தாலும் அந்தப் பற்றரிக்கு ஒரு விலையும் வைக்காமல் பேசுங்கள்.

பற்றரியைப் பாதுகாப்பது

இந்தப் பகுதியை அவசரப்பட்டு வாசிக்க வேண்டாம். இந்தச் சிறு ஹெலிகளில் வருவது லிதியம் பொலிமர் பற்றரி, லிப்போ என்பார்கள். பெயரளவில் 3.7 வோல்ட், நிறைந்தால் 4.2. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பழுதாகும். ஹெலி ஏறச் சிரமப்பட ஆரம்பித்தவுடன் இறக்கிவிடுங்கள், "இன்னும் ஒரு நிமிடம்" என்று பிழிய வேண்டாம். பறந்து முடிந்ததும் பத்து நிமிடமாவது ஆறவிட்டுத்தான் சார்ஜில் போட வேண்டும். மோட்டருக்கும் அந்த ஓய்வு தேவை. சிறு ஹெலிகளின் மோட்டருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் சிறு தூரிகை சூட்டில் சீக்கிரம் தேயும்.

சார்ஜ் போடும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். இரவு போட்டுவிட்டுப் படுக்கப் போகக்கூடாது. கட்டிலிலும் பாயிலும் வேண்டாம். நான் சீமெந்துத் தரையில் ஒரு மண்சட்டி வைத்து அதற்குள் பற்றரியைப் போட்டு சார்ஜ் செய்கிறேன். தீப்பிடித்தாலும் பெரும்பாலும் சட்டிக்குள்ளேயே அடங்கும். பக்கத்தில் ஒரு பேணி மணலும் இருக்கும். ஒரு வாரத்துக்கு மேல் பறக்கப் போவதில்லை என்றால் முழுதாக நிரப்பி வைக்க வேண்டாம். 3.8 வோல்ட் அளவில், ஏறக்குறைய பாதி நிறைந்த நிலையில் வைத்தால் நீண்ட காலம் உழைக்கும்.

எங்கள் வெயில் லிப்போவுக்கு எதிரி. மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் தகரக்கூரைக்கு அடியிலும் வைக்க வேண்டாம். உப்பிய பற்றரியைக் குத்திப் பார்க்க வேண்டாம். வளவுக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்துவது நம்மிடம் உள்ள பழக்கம். லிப்போவை அந்தக் குவியலில் ஒருபோதும் போடாதீர்கள், வெடித்துத் தெறிக்கும். சிறுபிள்ளைகள் நெருப்புக்குப் பக்கத்தில் நிற்பார்கள்.

பறக்க விடுவதற்கு முன்பு

முதலில் ஹோலைத் தயார் செய்யுங்கள். கதிரைகளைச் சுவரோரம் தள்ளுங்கள். யன்னலைச் சாத்துங்கள். ஃபானை நிறுத்துங்கள். ஃபான் நின்ற பிறகும் அறைக்குள் காற்று அடங்க ஒரு நிமிடம் எடுக்கும், அதுவரை பொறுங்கள். சீமெந்துத் தரை நல்லது. கால்கள் வழுக்கிப் போவதால் ஹெலி கவிழாது. கம்பளத்திலோ பாயிலோ கால் சிக்கினால் அப்படியே குப்புற விழும். நீளத் தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள், கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகள் உங்களுக்குப் பின்னால் நிற்கட்டும்.

பிறகு ஹெலியின் சமநிலையைப் பாருங்கள். பட்டம் கட்டத் தெரிந்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டுமூலைக் கொடிக்கு முச்சை கட்டும்போது தூக்கிப் பிடித்து எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்ப்போமே, அதே வேலைதான். விசிறித் தலையை இரு பக்கமும் விரலால் பிடித்து ஹெலியைத் தொங்கவிடுங்கள். உடல் மட்டமாக நிற்க வேண்டும். மூக்கு கீழே போனால் பற்றரியைச் சற்றுப் பின்னே தள்ளுங்கள், வால் கீழே போனால் முன்னே இழுங்கள். தை மாதத்தில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப் போட்டி பார்த்தவர்களுக்குத் தெரியும், முச்சை பிழைத்த பட்டத்தை எந்தக் காற்றாலும் தூக்கி நிறுத்த முடியாது. ஹெலியும் அப்படித்தான்.

ரிமோட்டை முதலில் போடுங்கள், பிறகு ஹெலியில் பற்றரியைச் செருகுங்கள். நிறுத்தும்போது மாறி: முதலில் பற்றரி, கடைசியில் ரிமோட். செருகியதும் ஹெலியை மட்டமான தரையில் வைத்துக் கை எடுத்துவிடுங்கள். ஜைரோ தன் சமநிலையைக் கற்றுக்கொள்ள இரண்டு மூன்று விநாடி எடுக்கும். அந்த நேரத்தில் ஹெலியை ஆட்டினால் பிறகு முழுதும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டேயிருக்கும். பலர் "ஹெலி பழுது" என்று கொண்டுவருவது இந்தக் காரணத்தால்தான்.

பழகும் முறை

பறப்பதற்கு முன்பே விரலில் பதிய வேண்டிய ஒரு பழக்கம் இருக்கிறது. விழப்போகிறது என்று தெரிந்தால் துரொட்டிலை உடனே பூச்சியத்துக்கு இறக்குங்கள். காப்பாற்றப் பார்க்க வேண்டாம். விசிறி நின்றுவிட்டு விழுந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சுற்றிக்கொண்டே விழுந்தால் இறக்கை முறியும், பல்லு உடையும், அச்சு வளையும். என் முதல் ஹெலி கிணற்றுக்கட்டில் மோதியபோது என் இடது கட்டைவிரல் துரொட்டிலை இன்னும் மேலே தள்ளிக்கொண்டிருந்தது. பயத்தில் எல்லோருக்கும் வருவது அதுதான். ஆகவே ஹெலியைப் போடாமல் வெறும் ரிமோட்டைக் கையில் பிடித்து, யாரையாவது "விழுது" என்று சொல்லச் சொல்லி, அந்தச் சொல் வந்ததும் விரல் தானாக இறங்கும்வரை பழகுங்கள்.

முதல் நாள் பறக்க வேண்டாம். ஹெலியின் வால் உங்களைப் பார்த்திருக்க வையுங்கள். கால்கள் தரையில் இலேசாகும்வரை மட்டும் துரொட்டிலை உயர்த்துங்கள். அது எந்தப் பக்கம் வழுக்குகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் வலது குச்சியைத் தொடுங்கள். ஒரே பக்கம் தொடர்ந்து வழுக்கினால் ரிமோட்டில் உள்ள சிறு பொத்தானால் சரிசெய்யுங்கள். இப்படியே இரண்டு பற்றரி முடியட்டும்.

அடுத்த நாட்களில் ஏறுங்கள். ஏறுவதென்றால் தயங்காமல் முழங்கால் உயரத்துக்கு மேலே கொண்டுபோங்கள். தரைக்கு மிக அருகில் விசிறியின் காற்றே திரும்பி வந்து ஹெலியைத் தள்ளாட்டும். பயந்து நாலு அங்குலத்தில் வைத்திருப்பவர்களுக்குத்தான் அதிகம் கவிழ்கிறது. மேலே போனதும் ஒரே இடத்தில் அந்தரத்தில் நிறுத்தப் பாருங்கள். குச்சியைப் பிடித்துத் தள்ளாமல் தட்டித் தட்டி விடுங்கள். ஹெலி நகர ஆரம்பித்த பிறகு திருத்தினால் பிந்திவிடும். சரிய ஆரம்பிக்கும்போதே திருத்த வேண்டும். முதலில் ஐந்து விநாடி நிற்கும், பிறகு பத்து. முழுப் பற்றரியும் ஒரு பாயளவு இடத்துக்கு மேலே நிற்க வைக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. உங்களுக்குக் கூடலாம், குறையலாம்.

வால் உங்களைப் பார்த்து நிற்கும் ஹெலி வசப்பட்ட பிறகு, பக்கவாட்டில் திருப்பி நிறுத்திப் பழகுங்கள், இடமும் வலமும். கடைசியாகத்தான் மூக்கு உங்களைப் பார்ப்பது. இங்கே பலர் தடுமாறுவார்கள், ஏனென்றால் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிவிடும். எனக்கு உதவிய வழி இது: மூக்கு உங்களைப் பார்க்கும்போது ஹெலியின் எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள், தாழ்கிற பக்கத்துக்கு முட்டுக் கொடுப்பதுபோல. யோசித்து இடம் வலத்தை மாற்றிக் கணக்குப் போடுவதைவிட இது வேகமாகக் கைக்கு வரும். இந்த நிலையில் கணினியில் அல்லது ஃபோனில் சிமுலேட்டர் (திரையில் ஹெலி பறக்க விட்டுப் பழகும் மென்பொருள்) வைத்துப் பழகுவது மிகவும் உதவும். சிமுலேட்டரில் நூறு தடவை விழுந்தாலும் உதிரிப்பாகம் தேவையில்லை. மழைக்காலத்து மாலைகளுக்கு அதுவே நல்ல பள்ளிக்கூடம்.

ஒவ்வொரு பற்றரிக்கும் ஒரு வேலை வையுங்கள். "இந்தப் பற்றரி முழுதும் வலப்பக்கம் திருப்பி நிறுத்துவது" என்று தீர்மானித்துவிட்டுத் தொடங்கினால் ஐந்து நிமிடம் வீணாகாது.

வெளியே கொண்டுபோவதானால்

நாலு சனல் சிறு ஹெலியை முற்றத்துக்குக் கொண்டுபோக நல்ல நேரம் விடியற்காலை. மர இலை அசையாமல் இருக்க வேண்டும். வைகாசியிலிருந்து புரட்டாதிவரை சோளகம் பிடித்துவிட்டால் பகலில் நினைத்தும் பார்க்க வேண்டாம். பதினைந்து இருபது மீற்றர் தள்ளிக்கொண்டுபோய் அயல் வளவுப் பனையில் சொருகிவிடும். தை மாதத்தில் வானம் பட்டக்காரருக்குரியது. விசிறியில் பட்டநூல் சுற்றினால் மோட்டர் எரியும், பட்டமும் அறும். கசூரினா போன்ற கடற்கரைக்கு ஆசையாக இருக்கும்தான், ஆனால் மணலும் உப்புக்காற்றும் மோட்டருக்குள் போனால் பிறகு எடுக்க முடியாது. காலபோக நெல் வெட்டி முடிந்த வயல் வெளி, காலை ஆறரைக்கு, கூட்டமில்லாதபோது, இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பறக்க விடும் முன்பு அயலவரிடம் சொல்லிவிடுங்கள். இதை மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் "ஹெலி" என்ற சொல்லைக் கேட்டாலே பதுங்குகுழி ஞாபகம் வரும் தலைமுறை இன்னும் இருக்கிறது. வேலிக்கு மேலால் திடீரென்று ஒரு விசிறிச் சத்தம் எழும்பினால் அந்த அம்மாவுக்கு அது விளையாட்டுச் சாமான் என்று தெரியாது. முதல் நாள் போய் ஹெலியைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். அடுத்த நாள் அவரே படலைக்கு வந்து நின்று பார்ப்பார்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். ஆளில்லாமல் பறப்பவை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளுக்குள் வருகின்றன. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சில காலம் இவற்றைப் பறக்கவிடுவதே நிறுத்தப்பட்டிருந்தது. விதிகள் மாறக்கூடியவை. வீட்டுக்கு வெளியே, குறிப்பாகப் பெரிய ஹெலி பறக்க விடுவதானால் அதிகாரசபையில் அன்றைய நிலையைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பலாலி, 2019 ஒக்டோபரிலிருந்து யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம். அந்தப் பக்கமும், படை முகாம்களுக்கு அருகிலும், கோட்டைப் பகுதியில் சனம் கூடும் நேரத்திலும் எந்த அளவு ஹெலியும் வேண்டாம். தென்மராட்சிக்கு அப்பால் முகமாலைப் பக்கம் போனால் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையுள்ள காணிக்கு அருகில்கூடப் பறக்கவிடாதீர்கள். ஹெலி உள்ளே விழுந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும். யாரும் எடுக்கப் போகக்கூடாது, பெரியவரும் சரி, பிள்ளையும் சரி.

திருத்துவது

தேவையானவை குறைவு: மணிக்கூட்டுக்காரர் பாவிக்கும் சிறு திருப்புளித் தொகுதி ஒன்று, கூர்ந்த சாவணம், சுப்பர் குளூ, தையல் மெசின் எண்ணெய். சுற்றும் அச்சுக்கு அந்த எண்ணெயில் ஒரு துளி, ஊசி முனையால் தொட்டு, மாதம் ஒருமுறை. கைக்குக் கிடைக்கிறதென்று தேங்காயெண்ணெய் போட வேண்டாம், நாளடைவில் பிசினாக ஒட்டிப்பிடிக்கும்.

விழுந்த ஒவ்வொரு தடவையும் பெரிய பல்லுச்சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒரு பல்லு போனாலும் விசிறி சுற்றும், ஆனால் ஹெலி ஏறாமல் போகலாம். இறக்கையில் சிறு கீறல் இருந்தால் செலோரேப் ஒரு சுற்றுப் போதும், ஆனால் எதிர் இறக்கையிலும் அதே அளவு ஒட்ட வேண்டும், இல்லையென்றால் நடுங்கும். வால் தானாகச் சுற்றிக்கொண்டு போனால் முதலில் வால் விசிறியில் தலைமுடி சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள், பிறகு வால் மோட்டரைச் சந்தேகியுங்கள். சிறு ஹெலிகளில் முதலில் தேய்ந்துபோவது அந்த மோட்டர்தான். அதற்காகத்தான் உதிரிப் பட்டியலில் அதையும் சேர்க்கச் சொன்னேன். மோட்டரின் இரண்டு வயர்களையும் ஈயத்தால் ஒட்டத் தெரியாவிட்டால் ஃபோன் திருத்தும் கடையில் கொடுங்கள், ஐந்து நிமிட வேலை. வயரின் நிறம் எது எந்தப் பக்கம் என்று கழற்றும் முன்பே படம் எடுத்து வையுங்கள். மாறி ஒட்டினால் விசிறி எதிர்ப்பக்கம் சுற்றும்.

மூக்கு உங்களைப் பார்த்தபடி ஒரு முழுப் பற்றரி நேரம் அந்தரத்தில் நிறுத்த முடிகிறது, அதையும் ஐந்து நாள் தொடர்ந்து செய்ய முடிகிறது என்றால் கே110 அளவு ஆறு சனலுக்கு நேரம் வந்துவிட்டது. வாங்கியதும் முதலில் நிலைப்படுத்தும் வசதியைப் போட்டே பழகுங்கள். மாமாவுக்கு மறுபடியும் செய்தி அனுப்பலாம். இந்தத் தடவை பட்டியலில் முதலில் எழுத வேண்டியவை: நடு அச்சு மூன்று, விசிறித் தலைக்குள் போகும் குறுக்கு அச்சு மூன்று, பெரிய பல்லுச்சக்கரம் இரண்டு, வால் மோட்டர் இரண்டு, இறக்கை ஐந்து சோடி. ஹெலியின் பெயரை அதற்குக் கீழே எழுதுங்கள்.